லூர்துக்குப் போகிறேன் என்று அம்மா சொன்னது தப்பா?

கேள்வி: எனக்கு 34 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. இந்த வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஒரே நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். கணவரும் ஆறு வயதுப் பையனும் இருக்கிறார்கள். அப்பா இறந்த பிறகு, அம்மாவை ஒரு முறையாவது பிரான்சில் உள்ள லூர்து மாதா திருத்தலத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை. பாரிஸில் நான்கு இரவு, லூர்தில் மூன்று இரவு, அப்படியே சுவிட்சர்லாந்தில் நான்கு இரவு என்று பன்னிரண்டு நாள் திட்டம் போட்டோம். பிரான்ஸ் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமாகும் என்று சொல்லி, ஏஜென்ட் வேறொரு ஷெங்கன் நாட்டுக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றுக்கு) விண்ணப்பிக்க வைத்தார். அதற்காக அந்த நாட்டில் எட்டு இரவு தங்குவதாக ஹோட்டல் பதிவு காட்டினார். கணக்கில் பணம் அதிகம் தெரிய வேண்டும் என்றதால், என் ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை சித்தப்பா என் கணக்கில் போட்டார். பிறகு ஒருநாள் தூதரகத்திலிருந்து அம்மாவுக்கு போன் வந்தது. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "லூர்துக்கு" என்று அம்மா சொல்லிவிட்டார். அடுத்த வாரமே இருவருக்கும் விசா மறுக்கப்பட்டது. "அம்மாதான் கெடுத்துவிட்டார்" என்கிறார் ஏஜென்ட். இன்னொரு நாட்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், பழைய விஷயம் அவர்களுக்குத் தெரியாது, முன்பு விரல் ரேகை கொடுத்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தின் நகலையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்வது? மறுபடி போன் வந்தால் அம்மா என்ன சொல்ல வேண்டும்?

பதில்: முதல் வேலையாக உங்கள் அம்மாவிடம் போய், "உங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லிவிடுங்கள். அவர் அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பார். அந்த ஃபைலில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஏஜென்ட் ஒரு கதை எழுதினார், அம்மாவுக்கு அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் மோசம்.

நீங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஷெங்கன் நாடுகள் எல்லாமே இதற்கு ஒரே படிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும், பொருந்துவதற்கு நேரே டிக் போடுவார்கள். உங்களுக்கு இரண்டு டிக். பயணத்தின் நோக்கம், தங்கும் விவரங்கள் பற்றிக் கொடுத்த தகவல் நம்பகமாக இல்லை என்பது ஒன்று. விசா முடிவதற்குள் திரும்பிப் போவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது இன்னொன்று. டிக் இல்லாத ஒரு கட்டத்தையும் பாருங்கள். செலவுக்குப் போதுமான பணம் இருப்பதை நிரூபிக்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்கு நேரே ஒன்றும் இல்லை. பணத்துக்காகத்தான் சித்தப்பாவைத் தொந்தரவு செய்தீர்கள். பணம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை.

பிரச்சினை ஆரம்பித்த இடம் அப்பாயின்ட்மென்ட். 1985இல் லக்சம்பர்க்கில், மொசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்ற சின்ன ஊரில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்று 29 நாடுகளாக வளர்ந்திருக்கிறது. ஒரு விசா வாங்கினால் எல்லாவற்றுக்கும் போகலாம் என்பதால், எந்தத் தூதரகத்தில் வாங்கினாலும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ, அங்கே. உங்கள் திட்டத்தில் பிரான்ஸ் ஏழு இரவு, சுவிட்சர்லாந்து நான்கு. யோசிக்கவே வேண்டாம், பிரான்ஸ்தான்.

உண்மையான திட்டத்தோடு அந்த மூன்றாவது நாட்டிடம் போயிருந்தால், "இது எங்கள் பொறுப்பில் வராது" என்று ஃபைலையும் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். ஏஜென்டுக்கு அது தெரியும். அதனால்தான் எட்டு இரவு ஹோட்டல் முளைத்தது. ஒரு பொய்யை நிலைநிறுத்த ஒன்பது பொய் என்பார்களே, அது விசா விஷயத்தில் அச்சு அசலாக நடக்கும். ஹோட்டல் வந்த பிறகு அதற்கேற்ற பயணத்திட்டம் வேண்டும். திட்டத்துக்கு ஏற்ற கவரிங் லெட்டர் வேண்டும். அதற்கு ஏற்றபடி போனில் பேச ஓர் அம்மா வேண்டும். கடைசிக் கண்ணி மட்டும் ஏஜென்ட் கையில் இல்லை.

விசா அதிகாரி எதைப் பார்க்கிறார் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்பார்கள். விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதே என் தொழில் என்பதால் ஒன்று சொல்ல முடியும். அவர் தாள்களை எண்ணுவதில்லை. ஒரு தாள் சொல்வதை அடுத்த தாள் ஒத்துக்கொள்கிறதா என்றுதான் பார்க்கிறார். லீவ் லெட்டரில் இருக்கும் தேதி, டிக்கெட்டில் இருக்கும் தேதி, இன்சூரன்ஸில் இருக்கும் தேதி மூன்றும் ஒன்றா? இந்தச் சம்பளம் வாங்கும் ஆள் இந்த ஹோட்டலில் தங்குவாரா? எட்டு இரவு ஒரு நகரத்தில் தங்குகிறவர் அங்கே என்ன பார்க்கப் போகிறார் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா? சந்தேகம் வந்தால் ஹோட்டலுக்கு ஒரு போன், இல்லையென்றால் உங்களுக்கு ஒரு போன். ஒரு நிமிடம்கூட ஆகாது. நாற்பது பக்கம் கொடுத்தும் மறுக்கப்பட்டவர்கள் உண்டு, பதினைந்து பக்கத்தில் வாங்கியவர்களும் உண்டு.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் தொழிலுக்கு வந்த புதிதில் "பேலன்ஸைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுங்கள்" என்று சொன்னவன்தான். ஒவ்வொரு ஷெங்கன் நாடும் ஒரு நாளுக்கு இவ்வளவு இருந்தால் போதும் என்று ஒரு தொகையை வெளியிட்டிருக்கிறது. பிரான்சில், ஹோட்டல் பதிவு கையில் இருந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 65 யூரோ. ஹோட்டல் பதிவே இல்லையென்றால் 120 யூரோ. சுவிட்சர்லாந்துக்கு நாளொன்றுக்கு 100 பிராங்க். எட்டு நாள் பிரான்ஸ் என்றால் 520 யூரோ, நான்கு நாள் சுவிட்சர்லாந்து என்றால் 400 பிராங்க். இரண்டு பேருக்கும் சேர்த்து 1,040 யூரோவும் 800 பிராங்கும். இதற்கு மேல் விமான டிக்கெட். இது குறைந்தபட்சக் கணக்கு, சரி. கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொண்டாலும், நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்டில் சித்தப்பா பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இன்னும் தாண்டி நிற்கிறது. மாதம்தோறும் சம்பளம் வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது, பையனின் பள்ளிக் கட்டணம் போகிறது. வாழ்கிற ஒரு மனுஷியின் கணக்கு அது. அதன் நடுவில் திடீரென்று ஒரு மலை. அந்த மலையைத்தான் அதிகாரியின் கண் முதலில் பார்த்திருக்கும். இது யார் பணம், விசா வந்த மறுநாள் எங்கே போகும் என்ற கேள்வியை நீங்களே அவர் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பணத்தை சித்தப்பாவுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், அதுவும் வங்கி வழியாகவே. வந்த வரி, போன வரி இரண்டும் ஸ்டேட்மென்டில் தெரியும், தெரியட்டும். வழக்கமாகக் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், சில இடங்களில் ஆறு மாதம். அந்த வரிகள் அதற்குள் வந்தால், "உறவினர் தந்த தொகை, தேவைப்படாததால் திருப்பிக் கொடுக்கப்பட்டது" என்று கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதுங்கள். ஒருவேளை சித்தப்பா நிஜமாகவே அம்மாவின் பயணத்துக்கு உதவ நினைக்கிறார் என்றால் அதிலும் தப்பில்லை. அவர் ஒரு கடிதம் எழுதட்டும், உறவு என்ன, எவ்வளவு தருகிறேன் என்று சொல்லட்டும், தன் ஸ்டேட்மென்டையும் கொடுக்கட்டும். வெளிப்படையாக வரும் பணம் யாரையும் பயமுறுத்துவதில்லை.

திரும்பி வருவீர்களா என்ற இரண்டாவது டிக்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தத்தைத் தந்தது. இதற்குப் பதில் சொல்ல உங்களிடம் எல்லாமே இருக்கிறது. ஒன்றுகூட ஃபைலில் போகவில்லை. நீங்கள் கொடுத்த ஆவணங்களின் பட்டியலைப் பார்த்தேன். கணவர் பற்றி ஒரு தாள் இல்லை. பையன் பற்றி ஒரு தாள் இல்லை. "அவர்கள் வரவில்லையே, எதற்கு?" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர்கள் வராததுதான் விஷயமே. ஆறு வயதுக் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் பன்னிரண்டு நாளுக்குப் போகிற ஒரு பெண் பதின்மூன்றாம் நாள் வீட்டில் இருப்பாள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திருமணச் சான்றிதழ், பையனின் பிறப்புச் சான்றிதழ், அவன் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு கடிதம், கணவரின் வேலைக்கான அத்தாட்சி. இவ்வளவு போதும்.

வேலையில் சேர்ந்து ஏழு மாதம்தான் என்பது பலவீனம், மறைக்க வேண்டாம். புதிய வேலையில் இருப்பவரைப் பார்த்தால் அதிகாரிக்கு ஒரு கேள்வி வரும். பழைய நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்ததற்கான அனுபவச் சான்றிதழைப் பக்கத்திலேயே வையுங்கள், இடைவெளி இல்லாமல் மாறியிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். இப்போதைய அலுவலகத்திலிருந்து வாங்கும் கடிதத்தில் பதவி, சம்பளம், சேர்ந்த தேதி, லீவ் அனுமதித்த தேதிகள், திரும்ப வேலைக்கு வர வேண்டிய தேதி எல்லாம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். "இவருக்கு ஆட்சேபம் இல்லை" என்று மட்டும் எழுதிய இரண்டு வரிக் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றால் பெரிய பயன் இல்லை.

இனி ஏஜென்டின் புது யோசனை. இதற்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம்.

ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவாக ஒரு விசா தகவல் அமைப்பு இருக்கிறது. நீங்கள் விண்ணப்பித்த விவரம், புகைப்படம், பத்து விரல் ரேகை, விசா மறுக்கப்பட்டது, எந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் ஐந்து வருடம் இருக்கும். 29 நாடுகளில் எந்த நாட்டின் அதிகாரி திறந்தாலும் அதே பக்கம்தான் வரும். 59 மாதத்துக்குள் கொடுத்த ரேகையைத் திரும்ப எடுக்காமல் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள். அப்படி இருக்கும்போது படிவத்தில் "இல்லை" என்று எழுதினால், ஃபைலைத் திறந்த முதல் நிமிடத்திலேயே நீங்கள் பொய் சொல்பவர் என்று முடிவாகிவிடும். அதற்குப் பிறகு பையனின் பள்ளிக் கடிதத்தை யார் படிப்பார்கள்? "ஆம்" என்று போடுங்கள், தேதியையும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷெங்கனோடு இது முடிவதில்லை. நாளைக்கே பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ போக நினைத்தால், வேறு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று அவர்கள் படிவத்திலேயே கேட்பார்கள். ஆம் என்று சொல்லி விளக்கம் கொடுத்தால் அது ஒரு தகவல், அவ்வளவுதான். பொய் சொல்லி மாட்டினால் கதை வேறு. ஏமாற்றியதாக முடிவானால் பிரிட்டனில் பத்து வருடம் வரை தடை, கனடாவில் ஐந்து வருடம். அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு வருடக் கணக்கே கிடையாது. ஒரு மறுப்பு என்பது சளி பிடித்த மாதிரி, வந்து போகும். ஆனால் பொய் பதிவானால் ஆயுசுக்கும் கூட வரும். ஏஜென்டுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, படிவத்தின் அடியில் கையெழுத்துப் போடுவது நீங்கள்.

மேல்முறையீடு செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மறுத்த நாட்டில் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பது அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கும், நாட்டுக்கு நாடு மாறும். கொடுத்த ஆவணத்தை அவர்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் அது பயன்படும். உங்கள் விஷயத்தில் அதிகாரி கவனிக்கத்தான் செய்தார், கண்டுபிடிக்கவும் செய்தார். வாதாட என்ன இருக்கிறது? அந்த உழைப்பைப் புதிய விண்ணப்பத்தில் போடுங்கள். மறுக்கப்பட்ட பிறகு இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி ஷெங்கனில் கிடையாது. அதே ஃபைலை அடுத்த வாரமே கொண்டுபோனால் அதே பதில்தான் வரும், அதற்காகத்தான் பொறுமையாகச் செய்யச் சொல்கிறேன்.

உங்களுக்கு நேரமும் இருக்கிறது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாளாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாகப் பதினைந்து நாள், கூடுதலாக விசாரிக்க வேண்டியிருந்தால் நாற்பத்தைந்து நாள் வரை. உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு மறுப்பு இருப்பதால் நாற்பத்தைந்து என்றே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரம் ஆவணங்களைத் திரட்டுங்கள், இடையில் பிரான்ஸ் அப்பாயின்ட்மென்டுக்குத் தினமும் ஒரு தடவை பாருங்கள். யாராவது ரத்து செய்தால் இடம் திறக்கும். அப்படியும் கிடைக்காவிட்டால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், நாட்டை மாற்றாதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: லூர்தில் திருப்பயணக் காலம் பெரும்பாலும் ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரைதான். தினமும் இரவு மெழுகுவர்த்தி ஏந்திப் போகும் பவனி அந்த மாதங்களில்தான் நடக்கும். அம்மாவுக்கு அது வேண்டும் என்று நினைக்கிறேன், தேதியைத் தள்ளும்போது அதைப் பார்த்துத் தள்ளுங்கள்.

அம்மாவின் விண்ணப்பம் தனி. ஒரே நாளில், ஒரே நேரத்தில் கொடுத்தாலும் அவருக்கென்று ஒரு முழு ஃபைல் வேண்டும். உங்களோடு வருகிறார் என்பதற்காக உங்கள் ஃபைலின் பின்னால் அவருடையதை ஒட்ட முடியாது. செலவை நீங்கள் ஏற்கிறீர்கள் என்ற ஸ்பான்சர் கடிதம், நீங்கள் அவர் மகள் என்பதைக் காட்டும் உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஸ்டேட்மென்டின் ஒரு பிரதி, அப்பாவின் இறப்புச் சான்றிதழ். அவருக்கு ஓய்வூதியமோ, சொந்த வீடோ, சிறு சேமிப்போ இருந்தால் அதையும் காட்டுங்கள். தொகை சின்னதாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். மாதாமாதம் ஓரிடத்திலிருந்து பணம் வருகிறது, அதை வாங்க அவர் இங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். உடம்பு சௌகரியம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அவர் தினசரி மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டர் சீட்டைக் கையில் வைத்திருங்கள். அது விசாவுக்காக இல்லை, பயணத்துக்காக.

கவரிங் லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்களே எழுதுங்கள், உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஏஜென்ட் வைத்திருக்கும் மாதிரிக் கடிதத்தை அதிகாரி இதற்கு முன் நூறு தடவை படித்திருப்பார். யார் போகிறோம், ஏன் போகிறோம், எந்தத் தேதியில் எந்த ஊர், செலவு யாருடையது, யார் வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, பழைய மறுப்பைப் பற்றி ஒரு சின்னப் பத்தி. உத்தேசமாக இப்படி: "இந்தத் தேதியில் இந்த நாட்டின் தூதரகத்தில் எங்களுக்கு விசா மறுக்கப்பட்டது. அந்த விண்ணப்பத்தில் கொடுத்த பயணத்திட்டம் எங்கள் உண்மையான திட்டத்தைக் காட்டவில்லை. அதைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு. எங்கள் பயணத்தின் முக்கிய நோக்கம் என் தாயாரின் லூர்து தரிசனம். இத்துடன் உள்ள திட்டமே நாங்கள் செய்யப்போகும் பயணம்." ஏஜென்ட் மேல் பழி போட்டுப் பத்து வரி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்பதால் அந்தப் பத்து வரி உங்களுக்கு உதவாது.

ஹோட்டல், விமானம் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விசா வரும் முன்பே பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, வாங்காமல் இருப்பதே நல்லது. பதிவு போதும். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் பதிவும் தப்பில்லை, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அது உங்கள் இருவர் பெயரிலும் நிஜமாக இருக்க வேண்டும், முடிவு வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும், விசா வந்தால் அங்கேயேதான் தங்குவீர்கள் என்ற எண்ணமும் இருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரத்தாகும் டம்மி பதிவுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். பாரிஸிலிருந்து லூர்துக்கு மோன்பர்னாஸ் நிலையத்தில் நேரடி அதிவேக ரயில் இருக்கிறது, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அந்த ரயிலைத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். லூர்து நாட்டின் தென்மேற்கு மூலையில், பைரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது, சுவிட்சர்லாந்து கிழக்கே. அங்கிருந்து எப்படிச் சுவிட்சர்லாந்து போகப்போகிறீர்கள் என்பதும் திட்டத்தில் இருக்கட்டும். வரைபடத்தைப் பார்த்து யோசித்தவர் எழுதிய திட்டம் படித்தாலே தெரியும்.

மற்றவை சுலபம். பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். டிராவல் இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லும்படி, நீங்கள் இருக்கும் எல்லா நாளுக்கும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து இதுதான். தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் பணம் திரும்ப வராது, போன முறை கட்டியதும் போனதுதான்.

ஏஜென்டை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், இந்த ஃபைலுக்கு ஆள் தேவையே இல்லை. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். நான்கு தாளில் உள்ள தேதிகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது உங்களுக்கு அன்றாட வேலை. முடிவெடுப்பது தூதரகம் மட்டும்தான். விசா மையத்தில் ஆவணம் வாங்குபவர்களுக்கும் அதில் கை கிடையாது, ஏஜென்டுக்குச் சுத்தமாகக் கிடையாது. "நூறு சதவீதம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் தன்னிடம் இல்லாத ஒன்றை விற்கிறார். எல்லாம் சரியாக வைத்தாலும் மறுபடி மறுக்கப்பட வாய்ப்பு உண்டு என்பதை நானும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த முறை எதற்காக மறுத்தார்கள் என்று உங்களுக்குப் புரியும், மேல்முறையீட்டுக்கும் அப்போது அர்த்தம் இருக்கும்.

விசா வந்ததும் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம் என்று மூன்று விவரம் இருக்கும். முதல் இரண்டையும் குழப்பிக்கொண்டு அதிக நாள் தங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, அதனால் ஒரு முறை நுழையும் விசாவே உங்களுக்குப் போதும். பக்கத்தில்தானே என்று லண்டனை நடுவில் செருகிவிடாதீர்கள், அதற்குத் தனி விசா, அங்கிருந்து திரும்பி வர ஷெங்கனில் இரண்டாம் முறை நுழைய வேண்டும். விமான நிலையத்தில் ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ் மூன்றையும் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவு, அவரும் கேட்கலாம். 2025 அக்டோபரிலிருந்து முத்திரைக்குப் பதிலாகப் புகைப்படமும் விரல் ரேகையும் பதிந்துகொள்ளும் முறை வந்திருக்கிறது. வரிசை நீளமாக இருக்கலாம், அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மறுபடி போன் வந்தால் அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டால், போன முறை சொன்னதையே சொல்லட்டும்.